உங்களுக்குத் தெரியுமா? வாலிபால் சோறு போடுமா?

★ ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 72. வாலிபால் மைதானத்தின் நீளம் 18 மீட்டர். நாலு மைதானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி வைத்தால் கணக்கு ராஜகோபுரத்தோடு சரியாக முடிந்துவிடும். தெற்கு வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிற பிள்ளைகளுக்கு மைதானத்தின் நீளத்தைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

★ நீளம் 18 என்றாலும் ஓர் அணிக்குக் கிடைப்பது பாதிதான். ஒன்பதுக்கு ஒன்பது, 81 சதுர மீட்டர். ஆறு பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 145 சதுர அடி. எதிரணியின் சர்வீஸ் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். உலகத் தரத்தில் 130-ஐயும் தாண்டும். வாலிபாலை 'நின்ற இடத்தில் ஆடுகிற ஆட்டம்' என்று சொல்பவர்கள் ஒருமுறை அந்த 145 சதுர அடிக்குள் நின்று பார்க்கலாம்.

★ ஆண்கள் வலையின் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. ஐந்தே முக்கால் அடி ஆள் தரையில் நின்று கையை எவ்வளவு நீட்டினாலும் ஆண்கள் வலையின் மேல்விளிம்பு எட்டாது. பந்தின் எடை 260 முதல் 280 கிராம்.

★ 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த வில்லியம் மார்கன்தான் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் நாலு வருஷம் முன்பு பிறந்த கூடைப்பந்து, நடுவயது வியாபாரிகளுக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பட்டது. ஒருவர்மேல் ஒருவர் மோதாமல், மூச்சு வாங்காமல் ஆட ஏதாவது வேண்டும் என்றார்கள். மார்கன் நடுவில் வலையைக் கட்டினார். 'மின்டனெட்' என்று பெயரும் வைத்தார். அந்தப் பெயர் நெடுநாள் தாங்கவில்லை. தொப்பை விழுந்தவர்களுக்காகப் பிறந்த ஆட்டத்தில் இன்று ஆறரை அடி ஆட்கள் மூன்றரை மீட்டர் உயரத்தில் பந்தை அடிக்கிறார்கள்.

★ ஒருவர் பந்தைத் தூக்கிக் கொடுக்க, இன்னொருவர் எழும்பி அடிக்கிற உத்தி அமெரிக்காவில் பிறந்ததல்ல. 1916 வாக்கில் பிலிப்பைன்ஸில் தொடங்கியது.

★ நம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானங்களில் இரண்டு கம்பமும் ஒரு கிழிந்த வலையும் எப்படி வந்தன தெரியுமா? அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இந்த வகையில் முதல் கல்லூரி. இப்போது நந்தனத்தில் இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் இவர்தான். அவருடைய கல்லூரியில் பயின்றவர்கள் பி.டி. மாஸ்டர்களாக ஊர் ஊராகப் போனார்கள். கால்பந்துக்குப் பெரிய இடம் வேண்டும், ஹாக்கிக்கு ஆளுக்கு ஒரு மட்டை வேண்டும். வாலிபாலுக்கு ஒரு பந்தும் ஒரு வலையும் போதும், பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். கையில் காசில்லாத பள்ளிக்கூடத்துக்கு இது போதாதா?

★ இந்திய வாலிபால் சம்மேளனம் பிறந்தது 1951-இல். அடுத்த ஆண்டு முதல் தேசிய சாம்பியன்ஷிப் நடந்த ஊர், சென்னை. அதே 1952-இல் மாஸ்கோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இந்திய ஆண்கள் ஆடி எட்டாவது இடம் பிடித்தார்கள்.

★ அர்ஜுனா விருது தொடங்கிய வருஷம் 1961. அந்த முதல் பட்டியலிலேயே வாலிபாலும் உண்டு, பெற்றவர் ஏ.பழனிசாமி.

★ ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள் வாங்கியது மூன்று பதக்கம். 1958 டோக்கியோவில் வெண்கலம், 1962 ஜகார்த்தாவில் வெள்ளி, 1986 சியோலில் வெண்கலம். அப்புறம் ஒன்றும் இல்லை. ஒலிம்பிக்கில் வாலிபால் 1964-இலேயே சேர்க்கப்பட்டுவிட்டது; ஆணோ பெண்ணோ, இந்திய அணி இன்றுவரை அங்கே கால் வைத்ததில்லை. கிராமத்துக்குக் கிராமம் ஆடப்படும் ஒரு விளையாட்டுக்கு இது நியாயமான கணக்கு இல்லை.

★ காசுக்காக வெளிநாட்டுக் கிளப்பில் ஆடிய முதல் இந்திய வாலிபால்காரர் யார்? ஜிம்மி ஜார்ஜ். கண்ணூர் மாவட்டத்துப் பேராவூர்க்காரர். பிறந்தது 1955 மார்ச் 8. அண்ணன் தம்பிகள் எட்டுப் பேர், எட்டுப் பேரும் வாலிபால். அப்பா வக்கீல், அவரும் ஆடியவர். வீட்டுக்குள்ளேயே ஓர் அணி தயார், இரண்டு மாற்று ஆட்டக்காரர்கள் மிச்சம்!

பதினாறு வயதில் கேரள மாநில அணி. மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர், ஆட்டத்துக்காக அதைப் பாதியில் விட்டார். இந்த இடத்தில் நம் வீட்டு அப்பா அம்மாக்களுக்கு வயிற்றைப் பிசையும். எம்.பி.பி.எஸ். சீட்டை விட்டுவிட்டு வாலிபாலா? ஆனால் 1976-இல் கேரள போலீஸ் வேலை கொடுத்தது, அதே ஆண்டு அர்ஜுனா விருதும் வந்தது. வயது இருபத்தொன்று.

பிறகு அபுதாபியில் ஒரு கிளப். அங்கிருந்து 1982-இல் இத்தாலி. உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் எல்லாம் கூடுகிற லீக் அது, அன்றும் இன்றும். அங்கே ஒரு மலையாளி வலைக்கு மேலே எழும்பி அடித்ததைப் பார்க்க இத்தாலியர்கள் டிக்கெட் வாங்கினார்கள். 1986 சியோலில் வெண்கலம் வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார்.

1987 நவம்பர் 30-ஆம் தேதி இத்தாலியில் கார் விபத்து. முப்பத்திரண்டு வயதில் போய்விட்டார். திருவனந்தபுரத்தில் அவர் பெயரில் உள்ளரங்கம் இருப்பது பலருக்கும் தெரியும். இத்தாலியில் பிரெஷ்யா பக்கத்தில் மோன்டிகியாரி என்ற ஊரிலும் ஒரு விளையாட்டரங்கம் இருக்கிறது. அதன் பெயர் 'பாலாஜார்ஜ்'. நம் ஜிம்மி ஜார்ஜின் பெயர்தான். பிழைக்கப் போன ஊரில் அரங்கத்துக்கே பெயர் வைக்கிற அளவுக்கு வாழ்ந்த இந்திய விளையாட்டு வீரர்கள் எத்தனை பேர்?

★ நீளம் தாண்டுதல் அஞ்சு பாபி ஜார்ஜ், 2003 பாரிஸ் உலகத் தடகளத்தில் வெண்கலம் வென்றவர், ஜிம்மியின் தம்பி பாபியின் மனைவி.

★ இன்னொரு வாலிபால் வீடு. பேட்மின்டன் பி.வி.சிந்துவின் அப்பா பி.வி.ரமணா 1986 வெண்கல அணியில் ஆடியவர், 2000-இல் அர்ஜுனா விருது பெற்றவர். அம்மா விஜயாவும் வாலிபால்காரர்தான். ரமணாவின் சம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ரயில்வேயிலிருந்து.

★ ரயில்வே என்றதும் திருச்சிக்காரர்கள் நிமிர்ந்து உட்காரலாம். பழைய தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடமாக இருந்தது நம் ஊர். நாகப்பட்டினத்திலிருந்த பணிமனை பொன்மலைக்கு வந்தது 1928. ரயில்வே விளையாட்டு வாரியத்தின் தொடக்கமும் அதே 1928.

இந்த வாரியம் இல்லாவிட்டால் இந்திய வாலிபாலே இல்லை என்று சொன்னால் மிகையில்லை. இந்தியாவில் வாலிபால் ஆட்டக்காரர் என்றால் பெரும்பாலும் ஒரு துறையின் ஊழியர்: ரயில்வே, ராணுவம், போலீஸ், வங்கி, பெட்ரோலியக் கம்பெனி, மின்வாரியம். சென்னையில் ஐ.சி.எஃப். அணியும் ஐ.ஓ.பி. அணியும் மோதுகிற ஆட்டம் என்றால் பழைய ரசிகர்கள் டிபன் பாக்ஸோடு வருவார்கள். மகளிர் தேசியப் போட்டியில் ரயில்வே பலமுறை சாம்பியன்.

காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், மாலையில் மறுபடி பயிற்சி. போட்டி இருக்கும் நாட்களில் 'ஆன் டியூட்டி'. ரயிலில் உங்களிடம் டிக்கெட் கேட்ட ஆறேகால் அடி டி.டி.ஆர். நேற்று வரை மாநிலத்துக்கு ஆடியவராக இருக்கலாம். அவருக்கு ஆட்டம் கொடுத்தது புகழை அல்ல, மாதச் சம்பளத்தையும் பென்ஷனையும். புகழைவிட அது பெரிது என்று அவர் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

★ வேலை பார்த்துக்கொண்டே ஆடுவது நமக்கு மட்டும் உள்ள வழக்கம் அல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பான் பெண்கள் அணியில் பெரும்பாலோர் ஒசாகா பக்கத்தில் கைசூகாவில் இருந்த நிச்சிபோ நூற்பாலை ஊழியர்கள். பகலில் ஆலை வேலை, மாலை தொடங்கி நள்ளிரவு தாண்டியும் பயிற்சி. பயிற்சியாளர் டாய்மட்சு இரக்கமே இல்லாதவர் என்று பேர் வாங்கியவர். பந்தை எடுக்கத் தரையில் விழுந்து, உருண்டு, அதே வேகத்தில் எழுந்து நிற்கிற உத்தியை அந்தப் பெண்கள் அங்கேதான் பழகினார்கள். சோவியத் அணியோடு ஆடிய இறுதி ஆட்டத்தை ஜப்பானில் 66.8 சதவீத வீடுகளில் டி.வி.யில் பார்த்தார்கள். அணித்தலைவி மசாயே கசாய்க்குக் கல்யாணம் பண்ணிக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்ட பிரதமர் சாட்டோ, தானே முன்னின்று வரன் பார்த்துக் கொடுத்தார்.

★ ஒரு வாலிபால்காரரின் உண்மையான சொத்து எது? கோப்பைகள் அல்ல, கோப்பைகள் பரணில் கிடக்கும். பீரோவில் துணிகளுக்கு அடியில் ஒரு ஃபைல் இருக்கும். அதில்தான் ஃபார்ம்-1, ஃபார்ம்-2, ஃபார்ம்-3, ஃபார்ம்-4. நாட்டுக்கு ஆடியிருந்தால் ஒன்று. தேசியப் போட்டியில் மாநிலத்துக்கு ஆடியிருந்தால் இரண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் மூன்று. தேசியப் பள்ளி விளையாட்டு என்றால் நாலு. மத்திய அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க இந்தப் படிவங்கள் வேண்டும். போட்டி முடிந்த கையோடு உரிய அதிகாரியிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிட வேண்டும். ஐந்து வருஷம் கழித்துப் போனால் சங்கத்தில் நிர்வாகிகள் மாறியிருப்பார்கள், பழைய பதிவேடு கிடைக்காது. ஸ்மாஷ் அடிக்கத் தெரிந்த எத்தனையோ பேர் இந்தக் காகிதம் இல்லாமல் கோட்டைவிட்டிருக்கிறார்கள்.

★ தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள். இரண்டும் வாலிபாலுக்கு மட்டும் அல்ல, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து.

★ பழைய ஆட்டத்தில் சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டுமே பாயிண்ட். எதிரணி ஜெயித்தால் சர்வீஸ் கை மாறும், பாயிண்ட் ஏறாது. 15 எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஒரு மேட்ச் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. டி.வி.க்காரர்களுக்கு இது ஒத்துவரவில்லை. 1998-இல் உலக சம்மேளனம் விதியை மாற்றியது. இப்போது ஒவ்வொரு பந்துக்கும் யாராவது ஒருவருக்குப் பாயிண்ட். செட்டுக்கு 25, ஐந்தாவது செட்டுக்கு 15, இரண்டு பாயிண்ட் முன்னிலை கட்டாயம். ஆட்டம் விறுவிறுப்பானது உண்மை. நாலு பாயிண்ட் பின்தங்கியவன் மெல்ல மெல்ல மூச்சுப் பிடித்து எழுகிற பழைய சுகம் போனதும் உண்மை.

★ 'பையன் குள்ளம், வாலிபாலுக்கு ஆகாது' என்று யாராவது சொன்னால் லிபரோவைக் காட்டுங்கள். அணியில் ஒருத்தர் மட்டும் வேறு நிறச் சட்டையோடு நிற்பாரே, அவர்தான். 1998-இல் வந்த பதவி. சர்வீஸ் போடக்கூடாது, பிளாக் பண்ணக்கூடாது, வலைக்கு மேலே இருக்கிற பந்தை எதிர்ப்பக்கம் அடிக்கக்கூடாது. பின்வரிசையில் நின்று எதிரியின் அடியைக் கீழே விழாமல் எடுப்பது மட்டுமே வேலை. பாயிண்ட் பட்டியலில் இவர் பெயர் வராது.

★ அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டரைக் கவனித்துப் பாருங்கள். பந்து வருமுன் வயிற்றோடு ஒட்டி, எதிரணிக்குத் தெரியாமல் விரல்களை மடக்கி நீட்டுவார். யாருக்கு என்ன உயரத்தில் பந்து வரும் என்பதற்கு அதுதான் சைகை. மூன்று தொடுதலில் நடுத்தொடுதல் அநேகமாக எப்போதும் இவருடையது. போட்டிக்கு முன் பிளாக்கர்கள் விரல் கணுக்களில் வெள்ளை பிளாஸ்டரை இறுக்கிச் சுற்றுவார்கள். செட்டரும் சுற்றுவதுண்டு, ஆனால் விரல் நுனியை மூடமாட்டார். பந்தின் தோல் நுனியில் பட்டால்தான் அவருக்குக் கணக்கு வரும். இந்திய அணிக்குப் பல வருஷம் இந்தக் கணக்கைப் போட்டவர் தமிழ்நாட்டு மோகன் உக்கிரபாண்டியன். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர்தான் கேப்டன்.

★ 2023 செப்டம்பர். ஹாங்சோ ஆசிய விளையாட்டு. எதிரே தென்கொரியா, ஆசியாவின் பெரிய தலைகளில் ஒன்று. முதல் செட் 25-27 என்று போனது. அடுத்தது 29-27 நமக்கு. மூன்றாவது நமக்கு, நாலாவது அவர்களுக்கு. ஐந்தாவது செட்டில் 17-15. இந்தியா ஜெயித்தது! அடுத்து சீன தைபேயை மூன்று நேர் செட்டில் வீழ்த்திக் காலிறுதிக்குப் போனது. அங்கே ஜப்பான் நிறுத்திவிட்டது. கடைசியில் ஆறாவது இடம். அந்த அணியின் இரண்டு செட்டர்களும், உக்கிரபாண்டியனும் முத்துசாமி அப்பாவும், தமிழர்கள். அதே வாரங்களில் கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு ஊரே காத்திருந்ததால் கொரியாவை ஜெயித்த சேதி பல பத்திரிகைகளில் விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில்தான் வந்தது.

★ லீக் வந்த கதை. 2019-இல் புரோ வாலிபால் லீக். முதல் கோப்பை சென்னை ஸ்பார்ட்டன்ஸுக்கு. நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த இறுதியில் காலிக்கட் ஹீரோஸைத் தோற்கடித்தார்கள். கேப்டன் ஷெல்டன் மோசஸ். அடுத்த வருஷமே லீக் நின்றுபோனது. சம்மேளனத்துக்கும் நடத்திய நிறுவனத்துக்கும் தகராறு, ஒப்பந்தம் முறிந்தது, விஷயம் நீதிமன்றம் ஏறியது. இதற்கு முன்னால் 2016 டிசம்பரில் உலக சம்மேளனம் இந்திய சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்திருந்தது. நாற்காலிச் சண்டை நடக்கிற வருஷங்களிலும் ஆட்டக்காரருக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும். இருபத்துமூன்று வயதில் போன இரண்டு சீசனை முப்பதில் யார் திருப்பிக் கொடுப்பது?

★ 2022 பிப்ரவரியில் பிரைம் வாலிபால் லீக் என்ற புதுப் பெயரில் ஹைதராபாத்தில் மறுபடி தொடங்கினார்கள். செட்டுக்கு 15 பாயிண்ட்தான். 'சூப்பர் பாயிண்ட்' கேட்டு ஆடினால் ஒன்றுக்கு இரண்டு. முதல் ஏலத்தில் ஓர் இந்திய ஆட்டக்காரருக்குக் கிடைத்த உச்ச விலை 15 லட்சம் ரூபாய்; அதை வாங்கியவர்களில் தமிழ்நாட்டு ஜெரோம் வினித்தும் ஒருவர். 2024 ஐ.பி.எல். பெரிய ஏலத்தில் ரிஷப் பந்துக்கு 27 கோடி. வகுத்துப் பார்த்தால் ஒரு பந்துக்கு 180 ஜெரோம்கள். ஆனாலும் சில வாரப் போட்டிக்கு லட்சங்கள் என்பது வாலிபால் உலகத்தில் அதுவரை யாரும் பார்க்காத காசு. துறை வேலையையும் விடவேண்டியதில்லை.

அதே ஜெரோம் கேப்டனாக இருந்து 2024 மார்ச் 21-இல் சென்னையில் காலிக்கட் ஹீரோஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். ஐந்து வருஷம் முன்பு இதே அரங்கில் தோற்ற அணி அது.

★ 2023 டிசம்பரில் ஆண்கள் கிளப் உலக சாம்பியன்ஷிப் பெங்களூரில் நடந்தது. இத்தாலியின் பெருஜியா கோப்பையைக் கொண்டுபோனது. நம் நாட்டின் சார்பில் ஆடியது பிரைம் லீக் சாம்பியன் அகமதாபாத் டிஃபெண்டர்ஸ்.

★ முழங்கால்! நார்வே மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், முன்னணி ஆண் வாலிபால் ஆட்டக்காரர்களில் 45 சதவீதம் பேருக்கு முழங்கால் சிப்பியின் கீழ் நாணில் வலி இருந்தது. ஆய்வு செய்த விளையாட்டுகளில் இதுவே உச்சம். எழும்புவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து அதிகம். சிமென்ட் தரையில் சின்னப் பிள்ளைகளை மணிக்கணக்கில் எகிற விடுகிற பயிற்சியாளர்கள் இதைப் படித்துவிட்டு மண் மைதானத்துக்கு மாறினால் புண்ணியமாகப் போகும்.

★ அமெரிக்காவின் ஃப்ளோ ஹைமன், ஆறடி ஐந்தங்குல உயரம், தன் காலத்தின் மிகப் பெரிய பெண் ஆட்டக்காரர். 1986 ஜனவரியில் ஜப்பானில் கிளப் போட்டியின்போது பெஞ்சில் உட்கார்ந்த இடத்திலேயே சரிந்து இறந்தார். மார்ஃபன் நோய்க்குறி, பெரிய ரத்தக்குழாய் பலவீனமாகி வெடித்திருந்தது. மிக உயரமாகவும், கை கால் விரல்கள் அளவுக்கு மீறி நீளமாகவும் வளர்கிற பிள்ளைகளுக்கு ஒருமுறை இதயத்தைப் பரிசோதித்துவிடுவது நல்லது. அவர் இறந்த பிறகு அவருடைய தம்பிக்கும் இதே நோய் கண்டுபிடிக்கப்பட்டு, அறுவை சிகிச்சை நடந்தது.

★ மாலினி ரெட்டி 1973, கே.சி.ஏலம்மா 1975, சாலி ஜோசப் 1984. வாலிபாலில் அர்ஜுனா விருது பெற்ற பெண்கள். ஆண்கள் பட்டியல் இதைப்போலப் பல மடங்கு நீளம்.

★ உள்ளரங்கிலும் கடற்கரை மணலிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர் உலகத்தில் ஒரே ஒருவர்: அமெரிக்காவின் கார்ச் கிராய். 1984, 1988 உள்ளரங்கம், 1996 மணல். பிறகு பயிற்சியாளராகவும் டோக்கியோவில் அமெரிக்கப் பெண்களுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார்.

★ ஆடி முடித்த பிறகு பயிற்சியாளராகி, இரண்டிலும் நாட்டின் உயர் விருதைப் பெற்ற தமிழ்நாட்டுக்காரர் ஜி.இ.ஸ்ரீதரன். 1982-இல் அர்ஜுனா, 2007-இல் துரோணாச்சாரியா.

★ இலங்கையின் தேசிய விளையாட்டு கிரிக்கெட் என்றுதான் பலரும் பந்தயம் கட்டுவார்கள். தோற்பார்கள். 1991 முதல் அங்கே தேசிய விளையாட்டு வாலிபால்.

★ பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் 'மாபெரும் மின்னொளி கைப்பந்துப் போட்டி' என்று சுவரொட்டி பார்த்திருப்பீர்கள். முதல் பரிசு கொடுப்பவர், கோப்பை கொடுப்பவர், பந்து வாங்கிக் கொடுப்பவர் என்று வரிசையாக முகங்கள். ஆட்டக்காரர் முகம் ஒன்றுகூட இருக்காது. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியவிடிய நடக்கும். துறை அணிகளில் இடம் கிடைக்காத இருபத்தைந்து வயது இளைஞர்கள் இரவல் ஜெர்சியோடு ஊர் ஊராகப் போய் இதில் ஆடுகிறார்கள். பஸ் காசும் பரோட்டாவும் போக ஆளுக்குச் சில நூறு மிஞ்சும். வெளியூர் அணி நல்ல பிளாக் போட்டால் உள்ளூர்க் கூட்டமே எழுந்து கைதட்டும். அடுத்த முறை சுவரொட்டி அடிப்பவர்கள் போன வருஷம் ஜெயித்த அணியின் படத்தையும் ஒரு மூலையில் போடலாம்.

★ கடைசியாக, வீட்டில் ஆறாம் ஏழாம் வகுப்பில் எகிறிக் குதிக்கிற பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு. பள்ளிகளுக்கு இடையே குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி உண்டு, பி.டி. ஆசிரியரிடம் பெயர் கொடுத்தாலே முதல் படி ஏறியாயிற்று. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்கு ஆண்டுதோறும் தேர்வு நடக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசுச் செலவு. அறிவிப்பு பெரும்பாலும் கோடையில், நாளிதழ்களில் சின்ன எழுத்தில் வரும். ஸ்ரீரங்கத்திலிருந்து விசாரிக்கப் போகிறவர்கள் காவிரிப் பாலம் தாண்டி, ரேஸ்கோர்ஸ் சாலையில் அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்குப் போகவேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் ஆதார் நகலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.